வெளி கம்பெனி டிரிகர்: வேலைப்பாட்டுக்கு முழு மார்க், தாளுக்கு முட்டை

என் பத்து மீட்டர் போட்டி ஏர் ரைஃபிளில் கூடவே வந்த டிரிகரைக் கழற்றிவிட்டு, வெளி கம்பெனியின் டூ-ஸ்டேஜ் யூனிட் (முதல் கட்டத்தில் லேசாக நகர்ந்து முட்டி நிற்கும், இரண்டாவது கட்டத்தில் சுடும்) ஒன்றை மாட்டியிருக்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. சொல்லப்போவதில் பாதி குறை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். பெட்டியைத் திறந்ததும் கண் போனது த்ரெட்டுக்குத்தான். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன எம்3 ஸ்க்ரூகூடப் பிசிறில்லாமல் இறங்குகிறது. பின் ஓட்டைகளில் ஆட்டம் கிடையாது. சியரின் (டிரிகரை அழுத்தும்வரை சுடும் பாகத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அரம் பட்ட கோடு ஒன்றும் தெரியவில்லை. எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்தது இந்த வேலைப்பாட்டுக்குத்தான் என்றால், சரி, கொடுக்கலாம்.

கூட வந்த செய்முறைத் தாள்தான் அநியாயம். நாலு ஸ்க்ரூ, நாலுக்கும் ஒரே அலன் கீ. படத்தில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கிறார்கள். யூனிட்டின் மேல் ஒரு எழுத்தும் இல்லை. டிரிகர் எடையை, அதாவது அழுத்தத் தேவைப்படும் பலத்தைக் குறைப்பதாக நினைத்து ஒருவர் சியரின் பிடிப்பைக் குறைத்துவிட்டால், விரலே படாமல் ரைஃபிள் சுட்டுவிடும். நான் முதல் வேலையாக மார்க்கர் பேனாவால் நாலுக்கும் நாலு நிறத்தில் புள்ளி வைத்தேன்.

அட்ஜஸ்ட் செய்யும்போது உள்ளே பெல்லட் இருக்கக் கூடாது, குழல் டார்கெட் பக்கமே பார்க்க வேண்டும். மேட்ச் ரைஃபிளில் டிரை ஃபயர் வசதி (சுடாமல் டிரிகரை மட்டும் இயக்கிப் பார்ப்பது) இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பெல்லட் இல்லாமல் விசையை அழுத்தவே கூடாது. பிஸ்டன் போய் முட்டி அடிவாங்கும். முதலில் ஓவர்டிராவல் ஸ்க்ரூவை (சுட்ட பிறகு டிரிகர் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதை வைப்பது) நன்றாகத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் சியர். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் காக் செய்து (சுடும் நிலைக்கு இழுத்து வைத்து), தோளில் வைக்கும் பின்கட்டையை உள்ளங்கையால் நன்றாகத் தட்டிப் பாருங்கள். தட்டினதுக்கே விட்டுவிட்டால் பிடிப்பு போதவில்லை, ஸ்க்ரூவைப் பின்னால் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகுதான் எடை. ஓவர்டிராவலைத் திரும்ப வைப்பது கடைசி. சியர் விட்ட பிறகு பிளேடு (விரல் படும் பாகம்) மயிரிழை நகர்ந்து நிற்க வேண்டும். அதையும் இறுக்கினால் சில சமயம் சுடவே சுடாது.

எடை விஷயத்துக்கு வருகிறேன். ஏர் பிஸ்டலுக்கு உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி டிரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ் வரம்பு இல்லை. அதனால் கிளப் பையன்களுக்கு இது ஒரு போட்டி. "அண்ணே, உங்களுது எவ்ளோ கிராம்ணே?" என்பதுதான் குட் மார்னிங்கே. யூனிட் வந்தபோது சுமார் 60 கிராமில் இருந்தது. ஏசி ஹாலில் இது சுகம். மே மாதத்துச் சென்னையில், தடிமனான ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது, ஈர விரல் பட்டதுமே போய்விடுகிறது. பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. சைட் (குறிபார்க்கும் பாகம்) புள்ளியில் உட்காரும் முன்பே பெல்லட் கிளம்பினால் என்ன மிஞ்சும்? 110க்கு ஏற்றினேன்: முதல் ஸ்டேஜில் 70, மிச்சம் இரண்டாவதில். இப்போது முதல் ஸ்டேஜ் முடிந்து முட்டி நிற்கும் அந்த இடம், அந்தச் சுவர், விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதில் சாய்ந்து காத்திருக்க முடிகிறது. என்னைக் கேட்டால் லேசான டிரிகரைவிட இந்தச் சுவர் முக்கியம். அதை இந்த யூனிட் பிரமாதமாகக் கொடுக்கிறது.

பிளேடு முன்னும் பின்னும் நகரும், பக்கவாட்டிலும் திரும்பும். என்னைப் போலக் குட்டை விரல்காரர்களுக்கு வரம். ஆனால் மேலே போட்ட கறுப்புப் பூச்சு நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஆனதில்லை. வரிப்பள்ளங்களின் ஓரத்தில் இப்போதே பழுப்பு ஏறிவிட்டது. சுட்டு முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். சியரில் எண்ணெய் விடுவதில்லை, தூசிதான் சேரும்.

லாக்டைட் (ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடிக்கும் பசை) பற்றித் தாளில் மூச்சே இல்லை. அதில் 243 ரகம் வேண்டாம், இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு அது அதிகம். அடுத்த முறை அலன் கீ வழுக்கிவிடும். ஊதா நிற 222 ஒரு சொட்டு போதும்.

பெட்டியில் ஸ்பேர் ஸ்பிரிங்கும் வைக்கவில்லை. தனியாக விலை கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.