கன்டெய்னரில் ஜாவா: ஹீப்புக்கு வெளியே உள்ள கணக்கு

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் ஜாவா சேவைகளை நீண்ட காலம் ஓட்டியதில் உறுதியாகத் தெரிந்தது இது: பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) திரும்பத் திரும்பச் சாவதற்கு ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) சின்னதாக இருப்பது காரணமில்லை, பல நேரம் அது பெரிதாக இருப்பதுதான். மெமரி லிமிட் மொத்த ப்ராசஸுக்கு. உச்ச அளவைக் குறிக்கும் எக்ஸ்எம்எக்ஸ் (-Xmx) ஹீப்புக்கு மட்டும். இரண்டையும் 1 ஜிபி என்று வைத்தால், ஹீப் நிறைவதற்குள் கர்னல் கொன்றுவிடும். எக்ஸிட் கோட் 137 வரும். ஜாவா லாகில் ஒரு வரி இருக்காது, ஹீப்பின் நகலான ஹீப் டம்பும் விழாது.

முதலில் வெர்ஷனைப் பாருங்கள். ஜாவா 8-இல் 191ஆவது அப்டேட்டிலிருந்துதான் கன்டெய்னர் லிமிட்டை ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மெஷின்) தானாகவே மதிக்கிறது. நோடு (பாட் ஓடும் சர்வர்) சிக்ரூப் வி2-க்கு, அதாவது லிமிட்டை அமல்படுத்தும் லினக்ஸ் வசதியின் புதிய பதிப்புக்கு, மாறியிருந்தால் அதுவும் போதாது. 8-இல் 372, 11-இல் 11.0.16, இல்லையென்றால் 15 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய இமேஜ், 64 ஜிபி நோடைப் பார்த்து, கால்பங்கு 16 ஜிபி வரை ஹீப்பை வளர்க்கலாம் என்று முடிவுகட்டிவிடும். கோடில் எதுவும் மாறாததால் சந்தேகமே வராது.

எக்ஸ்எம்எக்ஸுக்குப் பதில், லிமிட்டில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் மேக்ஸ்ராம்பர்சென்டேஜ் (MaxRAMPercentage) வைப்பது நல்லது. லிமிட்டை மாற்றினால் ஹீப்பும் கூடவே மாறும். இரண்டும் இருந்தால் எக்ஸ்எம்எக்ஸ்தான் ஜெயிக்கும். டீஃபால்ட் 25, அது வீண். ஆனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் 75 எல்லா அளவுக்கும் பொருந்தாது. 512 எம்பியில் 75 போட்டால் வெளியே மிஞ்சுவது 128. ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஆப்பின் மெட்டாஸ்பேஸ், அதாவது கிளாஸ் விவரங்களுக்கான இடம், ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கம்பைல் ஆன கோடுக்கான கோட் கேஷ், த்ரெட் ஸ்டாக், ஜிசி (குப்பை மெமரியை அகற்றும் பகுதி) எல்லாம் அதற்கு மேல். அங்கே 50 போதும். 4 ஜிபியில் 75 தாராளமாக ஓடும். நெட்டி (நெட்வொர்க் லைப்ரரி) இருந்தால் மேக்ஸ்டைரக்ட்மெமரிசைஸுக்கு (MaxDirectMemorySize) தனி வரம்பு வையுங்கள். விட்டால், ஹீப்புக்கு வெளியே இருக்கும் டைரக்ட் பஃபரும் ஹீப் அளவுக்கு வளர அனுமதி உண்டு.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஜேவிஎம்மின் மெமரியைப் பகுதிவாரியாகக் கணக்கிடும் நேட்டிவ்மெமரிடிராக்கிங்கை (NativeMemoryTracking) சம்மரியில் வைத்து, முழு லோடில் ஜேசிஎம்டி (jcmd) கட்டளை மூலம் கமிட்டட் (ஜேவிஎம் ஒதுக்கிக்கொண்ட மெமரி) தொகையை எடுங்கள். ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் ராம்) அதைவிட நூற்றுக்கணக்கான எம்பி அதிகமாக இருந்தால், ஜிலிப்சியின் (லினக்ஸின் சி லைப்ரரி) மாலாக் அரீனாக்களை, அதாவது அது மெமரி ஒதுக்கும் தனித்தனிப் பகுதிகளை, சந்தேகப்படலாம். மாலாக்_அரீனா_மேக்ஸ் (MALLOC_ARENA_MAX) என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 2 ஆக்கிவிட்டு, அதே லோடில் மறுபடி அளந்து பாருங்கள்.