ஹாப்பரா, மேகசீனா?

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜிம் தார்ப் ஊரில் நடக்கும் ‘நார்மண்டி படையெடுப்பு’ மாதிரியான பெரிய பெயின்ட்பால் (சாயக் குண்டு சுடும்) ஆட்டத்துக்கு அணியாகப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது.

ஹாப்பர் என்பது துப்பாக்கியின் தலையில் உட்காரும் குண்டுக் குடுவை. அதில் சுமார் 200 குண்டு கொள்ளும். எதிரணி தலைதூக்க முடியாதபடி சுட்டுக்கொண்டே இருக்கலாம். அதற்குள் கூட்டாளிகள் அடுத்த மரத்துக்கு ஓடிவிடுவார்கள். குண்டுச் செலவுதான் கையைக் கடிக்கும்.

மேகசீன் என்பது துப்பாக்கிக்குள் செருகும் சின்ன குண்டுப் பெட்டி. அதில் 20 குண்டு இருந்தாலே பெரிது. ஆனால் துப்பாக்கியின் தலையில் அந்தக் குடுவை இல்லாததால் புதருக்குள் பதுங்குவது எளிது. வாலில் துடுப்பு வைத்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் குண்டும் போடலாம். உருண்டைக் குண்டைவிட நேராக, தூரமாகப் போகும், விலையும் அதிகம்.

என்னைக் கேட்டால், கும்பலாக மோதும் ஆட்டத்தில் பெரும்பாலோர் ஹாப்பரோடு போகட்டும். பதுங்கி முன்னேறத் தெரிந்த ஓரிருவருக்கு மட்டும் மேகசீன். அப்புறம், எதை எடுத்தாலும் சரி, மூச்சுப்பட்டு மங்காத இரட்டைக் கண்ணாடி முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.