பிடித்த புத்தகம் முடிந்த பிறகு அடுத்தது எது? சிங்கப்பூர் நூலகங்களில் பல ஆண்டுத் தேடல்

ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டுதான். 1959-இல் வந்த 'கடலுக்கு அப்பால்', 1972-இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் முதலில் வாசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். சுமத்ராவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று கதாநாயகன் பாண்டியனோடு அலைந்து முடித்த பிறகு, வேறு எந்தப் புத்தகத்திலும் மனம் ஒட்டவில்லை. சரி, இவர் எழுதிய மற்றதை எடுப்போம் என்றால் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் முடித்துவிட்டால் அப்புறம்?

இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக விடை தேடி வருகிறேன். எந்த வழி இன்றும் உதவுகிறது, எதை விட்டுவிட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்காரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவரை முடித்த பிறகு தவித்த அளவுக்கு நான் வேறு யாரை முடித்தும் தவித்ததில்லை.

முதலில் இணையம். 'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' என்று காட்டும் பரிந்துரைகளைத் தமிழ்ப் புத்தகங்களுக்கு நான் நம்புவதை விட்டுப் பல காலம் ஆகிறது. அந்தக் கணக்கு சரியாக வரவேண்டுமானால், ஒரே புத்தகத்தை ஏராளமானவர்கள் வாசித்து அங்கேயே பதிந்திருக்க வேண்டும். தமிழில் தீவிரமாக வாசிப்பவர்களில் பாதிப் பேர் எங்கும் எதையும் பதிவதில்லை. அதனால் எதைத் தேடினாலும் கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த அதே ஐந்தாறு தலைப்புகள்தான் வந்து நிற்கின்றன. ஆனால் வாசகர்கள் தாங்கள் படித்ததைப் பதியும் குட்ரீட்ஸ் தளத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நமக்குப் பிடித்த நாவலைப் பற்றி யாராவது ஊன்றிப் படித்து நீளமாக எழுதியிருப்பார்கள். அந்த ஒருவருடைய அலமாரியைத் திறந்து, அவர் வேறு எவற்றையெல்லாம் கொண்டாடியிருக்கிறார் என்று பாருங்கள். ஆயிரம் பேருடைய சராசரியைவிட, ரசனை ஒத்துப்போகும் ஒரே ஒரு ஆள் எனக்குப் பெரிய துணை.

அந்த மாதிரி ஆட்கள் நம் பொது நூலகங்களில் அடையாளம் தெரியாமல் நிறையவே இருக்கிறார்கள். புத்தகம் இரவல் வாங்கும் இயந்திரம் ஒரு சிறு ரசீது அச்சடித்துத் தரும் அல்லவா, எடுத்த தலைப்புகளும் திருப்பித் தர வேண்டிய தேதியும் போட்டு? பலர் அதையே அடையாளத் தாளாகச் செருகிவைத்துப் படித்துவிட்டு, அப்படியே மறந்து புத்தகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்ப் புத்தகங்களில் எனக்கு இது அடிக்கடி கிடைக்கும். மெல்லிய வெப்பத் தாள், எழுத்து பாதி மங்கியிருக்கும், தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். உரக்கப் படித்துப் பார்த்தால்தான் சில பெயர்கள் பிடிபடும். ஒருமுறை போர்க்காலக் கதைகளின் தொகுப்பு ஒன்றுக்குள் இருந்த ரசீதில் ஒரு சமையல் புத்தகம், குழந்தைகளுக்கான படக்கதைகள், அவற்றுக்கு நடுவே ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ'. வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிடைக்கிற நேரத்தில் பர்மாவையும் போரையும் பற்றி வாசிக்கிற ஒருவர்! அந்தத் தாளை நம்பி அந்த நாவலை எடுத்தேன். சிங்காரத்திடம் நான் தேடியதில் ஒரு பாதி அதில் இருந்தது. பர்மாவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம், போர் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப நேர்வது, அதை ஒரு பெண்ணின் கண் பார்க்கும் விதம்.

திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்கக் காத்திருக்கும் தட்டையும் நான் விடுவதில்லை. அலமாரியில் எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரிதான் நிற்கும். இந்தத் தட்டில் இருப்பவையோ இந்த வாரம் யாரோ உண்மையில் வீட்டுக்கு எடுத்துப் போனவை.

நான் தேடும் விதத்தையே மாற்றியது ஒரு கேள்வி. அங் மோ கியோ நூலகத்தில் நெடுங்காலமாக வாசகர் வட்டம் நடக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம், "ஐயா, 'புயலிலே ஒரு தோணி' மாதிரி வேற ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டேன். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. "ஏம்மா, உனக்கு அதுல எது பிடிச்சுது? ஊரா, சண்டையா, இல்ல அந்த மனுஷன் பேசுற பேச்சா?" என்று திருப்பிக் கேட்டார். எல்லாம்தான் என்றேன். "எல்லாம்னா தேட முடியாது. ஒண்ணைச் சொல்லு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. பிடித்த புத்தகத்தைப் போலவே இன்னொன்று எழுதப்பட்டிருக்காது. அதற்குள் நம்மைப் பிடித்து நிறுத்தியவை மூன்று நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு திசைக்குக் கூட்டிப்போகும்.

சண்டையும் அந்தக் காலமும்தான் என்றால் நமக்குப் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. நம் மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழர்களின் கதை. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டுச் செத்த கதையைச் சொல்கிறது. சிங்காரத்தை வாசித்த கையோடு இதை எடுத்தால் நெஞ்சு கனக்கும், அதனால் நடுவில் சில நாள் விடுங்கள். சிங்காரத்தின் நாவலில் நேதாஜி வரும் பகுதிகள் பிடித்திருந்தால் ஒரு மாலை எஸ்பிளனேட் பூங்காவுக்கு நடந்துபோய்ப் பாருங்கள். 1943 அக்டோபர் 21-இல் தற்காலிக சுதந்திர அரசு அறிவிக்கப்பட்டது இதே ஊரில், கேத்தே திரையரங்கில்தான். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் 1995-இல் ஓர் அடையாளக் கல் நட்டார்கள். நாவலில் வாசித்த பெயர்களை அங்கே நின்று நினைத்துப் பார்ப்பது வேறு அனுபவம்.

ஊரும் தொழிலும்தான் பிடித்தது, அந்த வட்டிக்கடை, பெட்டியடி, கணக்குப்பிள்ளை உலகம்தான் என்றால், நாவலை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். நம் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் செய்த கிட்டங்கிகளும் அதே உலகம்தான். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழிலேயே பேசிய நேர்காணல்கள் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். பழைய ஆட்கள் கடையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் நிறுத்தி நிதானமாகப் பேசுவதைக் கேட்டால் சிங்காரத்தின் உரையாடல்கள் எங்கிருந்து வந்தன என்று புரியும். பழைய நாளிதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை அது. கதைக்காக என்று தேடாமல் விளம்பரங்களையும் துண்டுச் செய்திகளையும் பார்த்தாலே பொழுது போவது தெரியாது.

எனக்கு உண்மையில் பிடித்தது மூன்றாவது. அந்தப் பேச்சு. தமிழ்ப் பெருமையையும் பழைய பாட்டையும் உரித்துப் போட்டுக்கொண்டே, அவற்றின்மீது தீராத பிரியமும் வைத்திருக்கும் அந்தக் குரல். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் புதுமைப்பித்தனிடம் திரும்பப் போனேன். பள்ளியில் ஒன்றிரண்டு கதைகளைப் பாடமாகப் படித்ததோடு சரி. முழுத் தொகுப்பாக எடுத்து 'துன்பக்கேணி'யை வாசித்தபோது, பிழைக்கக் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையை இவர் எப்போதோ தொட்டுவிட்டாரே என்று இருந்தது. சிங்காரத்தின் குரலுக்குச் சொந்தம் கொண்டாட ஒருவர் உண்டென்றால் அது இவர்தான் என்று நான் நினைக்கிறேன். போர் நாவலாகவே தேடிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டேன்.

இந்தக் கேள்வி மற்றப் புத்தகங்களுக்கும் செல்லும். 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்பவர்கள்தான் அதிகம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அந்த வாராந்திரப் பரபரப்புதான் பிடித்தது என்றால் 'சிவகாமியின் சபதம்' எடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பிடித்தது சோழர்கள்தான் என்றால் அடுத்த சரித்திர நாவலுக்குப் போக வேண்டாம், நேராக நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலுக்குப் போங்கள். 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பல்கள் நம் பக்கத்துக் கடாரத்துக்கு (இன்றைய கெடா) வந்ததை அவர் கல்வெட்டை வைத்துச் சொல்லும் இடம் எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல.

'சிறந்த 100 நாவல்கள்' வகைப் பட்டியல்களில் எனக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது. பட்டியல் போட்டவர் யார், அவருக்கு எது பிடிக்காது என்று தெரிந்தால் மட்டுமே பயன்படும்.

எதை எடுப்பது என்று முடிவானதும் மிச்சமெல்லாம் சுலபம். தேசிய நூலக வாரியத்தின் என்எல்பி மொபைல் செயலியில் தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடினால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். எந்தக் கிளையில் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். இரவல் 21 நாள். தடித்த நாவலுக்கு அது எனக்குப் பற்றாது, நீட்டித்துக்கொள்வேன். மின்னூல் இரவல் வாங்கும் லிபி செயலியில் இருக்கும் தமிழ் நூல்களுக்கு மாதிரிப் பக்கங்கள் கிடைக்கும், எடுப்பதற்கு முன் அவற்றைக் கட்டாயம் வாசிப்பேன். ஒரு நல்ல புத்தகம் முடிந்த கையோடு முதல் பத்துப் பக்கம் பிடிக்காத நாவலோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வாங்குவதென்றால் லிட்டில் இந்தியாவில் கிடைப்பவை கிடைக்கும், தேடுவது அங்கே இருப்பது அரிது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் சமயத்தில் ஊருக்குப் போகும் யாரிடமாவது பட்டியல் கொடுத்துவிடுவேன். பெட்டியில் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதனால் நூலகத்தில் இருப்பதை வாங்குவதில்லை.

பழைய சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கு ஊரில் தேட வேண்டியதில்லை. நாட்டின் பொன்விழாவையொட்டி 2015-இல், ஐம்பது ஆண்டு காலத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினார்கள். தன்னார்வலர்கள் நூலக வாரியத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. இப்போது இரவு சாப்பாடு முடிந்ததும் அதில் ஒரு சிறுகதை என்று வாசித்துவருகிறேன். அறுபது, எழுபதுகளின் அடுக்குமாடி வீடுகளும் துறைமுக வேலையும் வரும் கதைகள்தான் இப்போதைக்குப் பிடித்திருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பெரியவர் எது பிடிச்சுது என்று கேட்டால், 'துறைமுகம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லப்போகிறேன்.