காயலான் கடை 454: ஹெட்டும் கேமுமா, நைட்ரஸா, டர்போவா?

அமெரிக்கக் காயலான் கடைகளில் பழைய ஷெவர்லே பிக்கப்புகளிலிருந்து கழற்றி வைத்திருக்கும் 454 கன அங்குல பிக்-பிளாக் (பெரிய எட்டு சிலிண்டர்) எஞ்சின் ஒன்றை வாங்கி, அடிப்பாகத்தைப் பிரிக்காமலேயே அதன் திறனைக் கூட்ட நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: ஹெட்டையும் (சிலிண்டருக்கு மேலே வால்வுகளைத் தாங்கும் பாகம்) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றலாம், கூடுதல் ஆக்சிஜன் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தலாம், புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்தலாம். நான் முதல் வழியில் போய் எஞ்சினை டைனோவில் (திறனை அளக்கும் கருவி) ஓட்டிப் பார்த்தவன். எனவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். நைட்ரஸைச் சிறிய அளவில் அதே எஞ்சினில் சோதித்திருக்கிறேன். டர்போவைப் பொறுத்தவரை, நண்பர் ஒருவரின் எஞ்சினுக்குக் கூடமாட நின்று உதவியதோடு சரி.

என்னிடம் இருப்பது 1980களின் பிற்பகுதியில் வந்த, த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் (காற்று நுழையும் வாயிலிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் முறை) கொண்ட, மார்க் ஃபோர் என்ற பழைய தலைமுறை எஞ்சின். தொழிற்சாலைக் கணக்குப்படி நிமிடத்துக்கு 3600 சுற்றில் 230 குதிரைத்திறன், 1600 சுற்றிலேயே 385 பவுண்டு-அடி முறுக்குவிசை, ஏறத்தாழ 8-க்கு 1 என்ற தாழ்ந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்). 1970-இல் செவெல் காரில் வந்த எல்எஸ்6 வகை 454-க்கு 450 குதிரைத்திறன் என்று எழுதியிருந்ததை இதன் அருகில் வைத்து, பாதி திறன் எங்கே போயிற்று என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அது ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த மொத்தக் கணக்கு. 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் இந்தச் சுமைகளோடு அளந்த நிகரக் கணக்கையே சொல்கின்றன. கம்ப்ரஷனும் எல்எஸ்6-இல் 11-க்கு மேல் இருந்தது.

இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்), கார்புரேட்டர், நீளக் குழாய் ஹெடர்கள் (புகை வெளியேறும் குழாய்கள்) ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வழிக்கு மூன்றும் தேவை, நைட்ரஸுக்கும் உதவும், டர்போவுக்கு ஹெடர் வேறு மாதிரி அமையும். கார்புரேட்டரின் அளவில் மட்டும் பேராசை வேண்டாம். 454-ஐ 5500 சுற்றால் பெருக்கி 3456-ஆல் வகுத்து, சிலிண்டர் காற்றால் நிரம்பும் திறன் 85 விழுக்காடு என்று வைத்தால், நிமிடத்துக்கு 614 கன அடிக் காற்றுதான் தேவைப்படுகிறது. 750 கன அடிக் கார்புரேட்டரே தாராளம்.

இந்த எஞ்சினின் உண்மையான அடைப்பு ஹெட்டில் இருக்கிறது. வேர்க்கடலை அளவு என்று கேலியாகச் சொல்லி ‘பீனட் போர்ட்’ என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தக் குறுகிய காற்றுவழிகள், டிரெய்லர் இழுப்பதற்குத் தேவையான கீழ்ச்சுற்று வேகத்தில் அருமையாக வேலை செய்துவிட்டு, 4000 சுற்றை நெருங்கும்போது மூச்சுத் திணறத் தொடங்குகின்றன. பெரிய ஓவல் போர்ட் கொண்ட ஹெட்டும், டேப்பட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) 0.050 அங்குலம் உயர்ந்த நிலையிலிருந்து கணக்கிட்டால் கிராங்க் சுழற்சியில் 220 பாகை அளவுக்குத் திறந்திருக்கும் மிதமான கேமும், அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங்குகளும் போட்டால் முறுக்குவிசை மேல்சுற்றிலும் சரியாமல் நிற்கும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 5252-ஆல் வகுத்து வருவது. ஆகவே அதே 385 பவுண்டு-அடியை 5000 சுற்றில் பெற முடிந்தால் அதுவே 366 குதிரைத்திறன். நல்ல ஹெட் அமைந்து, முறுக்குவிசையும் சற்றுக் கூடினால் 400-ஐத் தாண்டுவது அரிதல்ல.

ஹெட்டை மாற்றும்போது கம்ப்ரஷனையும் கொஞ்சம் மீட்கலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 930 கன செ.மீ.; 8-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே எஞ்சும் இடம் சுமார் 133 கன செ.மீ. எரியறை 10 கன செ.மீ. சிறிதாக உள்ள ஹெட்டைத் தேர்ந்தெடுத்தால் விகிதம் 8.6-ஐ எட்டுகிறது. இதைச் செய்யாமல் பெரிய கேமை மட்டும் போடுவது வீண்செலவு. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், இருக்கிற சொற்பக் கம்ப்ரஷனும் கீழ்ச்சுற்றில் கசிந்துவிடும்; சிக்னலில் நிற்கும்போது கேட்கிற கரடுமுரடான சத்தம் ஒன்றுதான் லாபம்.

நைட்ரஸின் கவர்ச்சி அதன் குறைந்த விலை. எடைக்கணக்கில் காற்றில் சுமார் 23 விழுக்காடு ஆக்சிஜன் என்றால், நைட்ரஸ் ஆக்சைடில் 36 விழுக்காடு. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு தகட்டைச் செருகி, பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் இரண்டு சொலினாய்டுகளை (மின்சாரத்தால் திறக்கும் வால்வுகள்) பொருத்தினால், பொத்தானை அழுத்தும்போது 100 அல்லது 150 குதிரைத்திறன் கூடுகிறது. ஆனால் 10 பவுண்டு சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் நிரப்பக் காசு வேண்டும். பொத்தானை அழுத்தாத நேரத்தில் வண்டி பழைய 230-இலேயே ஓடும். டர்போவோ எப்போதும் கூடவே இருப்பது. தாழ்ந்த கம்ப்ரஷன் அதற்குக் குறையாகாமல் வசதியாகவே அமைகிறது. 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏட்டுக்கணக்குப்படி ஏறத்தாழ 48 விழுக்காடு கூடுதல் காற்று உள்ளே போகிறது. பானட்டுக்குள் வெப்பமும், குழாய் வேலையும், டர்போவிலிருந்து ஆயில் தானாகவே கீழே வடிய ஆயில் பேனில் போட வேண்டிய துளையும் அதன் தொல்லைகள்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது பிஸ்டனின் மேல் ரிங்கில் (பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) உள்ள சிறிய இடைவெளி. ரிங் சூடாகி நீளும்போது அதன் இரு முனைகளும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த இடைவெளியை விடுகிறார்கள். சாதாரண எஞ்சினுக்கு விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 0.0045 அங்குலம் என்பது பொது விதி; 454-இன் 4.25 அங்குல விட்டத்துக்கு அது 0.019 அங்குலம். நைட்ரஸ் அல்லது டர்போ என்றால் 0.006 என்ற கணக்கில் 0.0255 அங்குலமாவது வேண்டும். முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் மேல்விளிம்பையே உடைத்தெடுத்துவிடும். காலப்போக்கில் தேய்வதுபோல் இது முன்னறிவிப்புத் தருவதில்லை.

இடைவெளியைக் கூட்டுவது கடினமான வேலை அன்று. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்து, சிறிது சிறிதாக ராவ வேண்டும். ஆனால் அதற்குப் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன், பல ஆண்டு ஓட்டத்தில் சிலிண்டரின் மேல்முனையில் உருவான மேட்டை ரீமரால் சீவ வேண்டும். பிஸ்டன் வெளியே வந்த பிறகு ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) போடாமல் இருக்க மனம் வராது, பேரிங்கைப் பார்த்தால் அதையும் மாற்றத் தோன்றும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய எஞ்சின் முழு ரீபில்டாகிவிடுகிறது. ஹெட்டும் கேமும் இதைக் கேட்பதில்லை. அவை பிஸ்டனின் ஒவ்வொரு தள்ளலிலும் அழுத்தத்தைப் பெரிதாகக் கூட்டாமல், நிமிடத்துக்கு நடக்கும் தள்ளல்களின் எண்ணிக்கையைக் கூட்டித் திறன் சேர்க்கின்றன. 5500 சுற்றுக்குள் நிறுத்திக்கொண்டால் பழைய பிஸ்டனும் ராடும் பெரும்பாலும் தாங்கும். நீண்ட தூரம் ஓடிய எஞ்சினில் தேய்மானத்தாலேயே இடைவெளி விரிந்திருக்கும், டர்போ தைரியமாகப் போடலாம் என்று நண்பர் வாதிடுகிறார். அவருடைய எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அளந்து பார்க்காத ஓர் அளவை நம்பி அழுத்தம் ஏற்ற எனக்குத் துணிவில்லை. நைட்ரஸை 100 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டுபோகாததற்கும் அதுவே காரணம்.

என் தேர்வுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மார்க் ஃபோர் எஞ்சினில் இருப்பது ரோலர் இல்லாத தட்டை டேப்பட். புதிய கேம் போட்டால் முதல் ஓட்டத்திலேயே 2000 சுற்றுக்குமேல் 20 நிமிடமாவது வைத்திருந்து பழக்க வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைந்த இக்கால ஆயிலை ஊற்றினால் கேமின் முகடு தேய்ந்து, அந்த உலோகத்தூள் பேரிங் வரை போகும். எனக்கு இதுவரை தேய்மானம் தெரியவில்லை. ஆனால் நான் ஓட்டியிருக்கும் தூரம் அதிகமில்லை. 1996 முதல் 2000 வரை வந்த வோர்டெக் 7400 (இதே 454-இன் பிந்தைய வடிவம்) கிடைத்தால் அதையே எடுங்கள். ரோலர் கேம் தொழிற்சாலையிலிருந்தே இருக்கிறது, திறனும் 290-இலிருந்து தொடங்குகிறது. அந்த பிளாக்கில் பழைய மார்க் ஃபோர் ஹெட்டைப் பூட்டுவதானால், தண்ணீர் வழிகள் பொருந்தும்படியான ஹெட் கேஸ்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.