‘ஒரு கார்ட்டன் கொண்டு போகலாம்’ என்று டியூட்டி ஃப்ரீ கடையில் சொன்னால் நம்பாதீர்கள்

வளைகுடாவில் வேலையை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பியபோது, கிளம்பிய வளைகுடா விமான நிலையத்தின் டியூட்டி ஃப்ரீ (வரியில்லா) கடையொன்றில் சொல்லப்பட்ட தவறான தகவலால் பணத்தையும் பொருளையும் இழந்தேன். ஊருக்கு வரும் நம்மவர்கள் பலரும் இத்தகைய கடைகளில்தான் கடைசி நேரத்தில் வாங்குகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாமாவுக்காக ஒரு பாட்டில் விஸ்கியை மட்டும் எடுத்துக்கொண்டு பில் போட நின்ற என்னிடம், அதற்குப் பதிலாக ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்று சேர்ந்த சலுகைப் பெட்டியையும் ஒரு கார்ட்டன் சிகரெட்டையும் விற்பனையாளர் எடுத்து வைத்தார். இந்தியாவுக்கு இவ்வளவு அனுமதி உண்டா என்று தெளிவாகவே கேட்டேன். “தாராளமா கொண்டு போகலாம் சார், தினமும் எத்தனை பேர் வாங்கிட்டுப் போறாங்க” என்றார். என் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்த பிறகே பில் வந்தது. அதில் விமான எண்ணும் அச்சாகியிருந்தது. எனவே நான் எங்கே போகிறேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இந்தியச் சுங்க விதிப்படி ஒரு பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் மது, அத்துடன் 100 சிகரெட் அல்லது 25 சுருட்டு அல்லது 125 கிராம் புகையிலை. கார்ட்டனில் இருப்பதோ 200 சிகரெட். 2014 வரை 200க்கு அனுமதி இருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் அது பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னும், பழைய கணக்கைச் சொல்லியே விற்கிறார்கள்.

சென்னையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்போருக்கான சிவப்பு வழியில் நானே சென்று அறிவித்தேன். அதிகாரி ஒரு சிகரெட் பெட்டியைத் திருப்பிக் காட்டி, இந்தியாவில் விற்கும் பெட்டியில் 85 விழுக்காடு பரப்பை மூட வேண்டிய எச்சரிக்கைப் படம் இதில் இல்லை என்பதையும் பொறுமையாக விளக்கினார். மிகுதிக்கான வரி கட்டுப்படியாகாததால் ஒரு பாட்டிலையும் பாதி கார்ட்டனையும் விட்டுவிட்டு வந்தேன். கடைக்கு எழுதியதற்கு, சேருமிடத்து விதிகளை அறிவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று மட்டும் பதில் வந்தது. கேட்டவருக்குப் பொய் சொல்லி விற்றுவிட்டு இப்படிக் கைகழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் வந்திறங்கியதும் உள்ள கடையில் வாங்குவதும் அதே 2 லிட்டருக்குள்தான் அடங்கும். சிங்கப்பூர் செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே ஒரு சிகரெட்டுக்குக்கூட வரிவிலக்கு இல்லை, மெல்லும் புகையிலைக்கு முற்றிலும் தடை. விடுமுறைக்கு இந்தியா வந்து திரும்பிச் செல்பவர்கள், மிகுதியை உண்மையாக அறிவித்திருந்தால், சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அதைச் சுங்கத்துறையிடம் ஒப்படைத்து, திரும்பும்போது பெற்றுக்கொள்ளக் கோரலாம். அதற்கான ரசீதைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.