கிளிசரின் குமிழிப் பலகையோடு ஐந்து வருடங்கள்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இருக்கும் குமிழிப் பலகைக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. முன்னும் பின்னும் அக்ரிலிக் தகடு, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை ஏழு செங்குத்துப் பத்திகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பத்தியிலும் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிளிசரின். அடியில் பத்திக்கு ஒரு சிறு துளை, அதன் வழியே காற்று வந்து குமிழியாகக் கிளம்பும். துளைகளுக்குப் பக்கத்திலேயே எல்.இ.டி. பட்டை. மொத்தத் திரவம் ஐந்து லிட்டர்தான், ஆனால் கிளிசரின் தண்ணீரைப் போல 1.26 மடங்கு கனம். திரவம் மட்டுமே ஆறு கிலோவைத் தாண்டும். சுவரில் மாட்டுகிறவர்கள் ஆணியை நம்பாமல் நல்ல கனமான திருகு போட்டு மாட்டுங்கள்.

இதற்கு முன் இரண்டு வருடம் தண்ணீர் நிரப்பிய குமிழிக் குழாய் ஒன்று வைத்திருந்தேன். உயரமான உருளை, கீழிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும், நிறம் மாறும். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கொதிக்கும் பானையைப் பார்ப்பது போல இருந்தது, கண் எதிலும் நிலைக்காது. 5 மில்லிமீட்டர் குமிழி தண்ணீரில் நொடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும், அதுவும் நேராகப் போகாது. நெளிந்து, வளைந்து, சுழன்று போகும். லியனார்டோ டா வின்சியே இந்த நெளிவைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். அதே குமிழியைக் கிளிசரினில் விட்டால் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் ஏறினாலே அதிகம். பலகையின் அடியிலிருந்து உச்சிக்குப் போக முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு குமிழியைத் தேர்ந்தெடுத்து, அதோடு கூடவே போய், மேலே அது உடையும் வரை பார்க்கலாம். தண்ணீர்க் குழாயில் ஒருநாளும் எனக்கு இது வாய்த்ததில்லை.

பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கும். பாகு போன்ற திரவத்தில் சிறு குண்டைப் போட்டால் அது விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இங்கே அதையே தலைகீழாகப் பார்க்கிறோம், குண்டுக்குப் பதில் குமிழி. விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. பலகையின் அழகு முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கீழிருந்து வரும் பெரிய குமிழி, முன்னால் போகும் சிறியதை நெருங்கும். நெருங்க நெருங்க அதன் தலை கொஞ்சம் நீண்டு, முன்னதன் வாலுக்குள் இழுபடும். ஒரு கணம் இரண்டும் ஒட்டி நிற்கும், அப்புறம் ஒன்றாகிவிடும். ஒன்றானதும் இன்னும் பெரிது, இன்னும் வேகம், அடுத்ததைத் துரத்தப் போகும். பத்தியின் அகலத்தை எட்டுமளவு வளர்ந்த குமிழி உருண்டையாக இருக்காது, தலை மழுங்கிய தோட்டா போல நீண்டுவிடும். ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், எந்தக் குமிழி எதோடு சேரும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிப் பலரும் முதலில் கேட்பார்கள், ஆனால் அதில் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, அக்ரிலிக்குக்கு 1.49. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் தகடு எங்கே முடிகிறது, திரவம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பலகை முழுவதும் ஒரே பளிங்குக் கட்டி போலத் தெரியும், அதற்குள் குமிழிகள் மட்டும் மிதக்கும். கிளிசரினிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளி சுமார் 43 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டால் முழுவதும் திரும்பிவிடும். ஒவ்வொரு குமிழியின் ஓரத்திலும் வெள்ளி வளையம் மின்னுவது அதனால்தான். நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டத்தை முதல் மாதத்தோடு விட்டுவிட்டேன். மஞ்சள் கலந்த ஒற்றை வெள்ளை வெளிச்சத்தில்தான் வளையம் நன்றாகத் தெரிகிறது. மூன்றாம் வருடம் பட்டையில் ஓரிடத்தில் மூன்று விளக்குகள் ஒன்றாக அணைந்தன. 12 வோல்ட் பட்டைகளில் மூன்று மூன்றாகத் தொடரில் இணைத்திருப்பார்கள், ஒன்று போனால் மூன்றும் போகும். பட்டையைக் கழற்றி மாற்றும்படி பலகை இருந்ததால் அரை மணி நேர வேலையோடு முடிந்தது. ஒட்டி மூடிய பலகையாக இருந்திருந்தால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போது விளக்கைக் கழற்ற முடியுமா என்று அவசியம் கேளுங்கள்.

சரி, திரவத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை, அநேகமாக ஞாயிறு காலையில், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு தனிக் குமிழி அடியிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, அறை வெப்பநிலையோடு குறித்து வைப்பேன். வாங்கிய புதிதில் 20 டிகிரிக் குளிரில் 52 நொடி. வெயில் காலத்தில் 30 டிகிரியில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அது திரவத்தின் இயல்பு. 20 டிகிரியில் கிளிசரினின் பாகுத்தன்மை தண்ணீரைப் போல சுமார் 1400 மடங்கு, 30 டிகிரியில் அதில் பாதிகூட இருக்காது. அதனால் பருவத்துக்கு ஏற்றபடி காற்று வால்வைத் திருகிக்கொள்ள வேண்டும். குளிர்காலக் காலையில் பம்பைப் போட்டவுடன் முதல் குமிழி துளையிலிருந்து பிரியவே வெகுநேரம் எடுக்கும். எனக்கு அந்தத் தயக்கம் பிடிக்கும்.

ஆனால் ஒரு வருடம் கழித்து, அதே 20 டிகிரியில் 21 நொடி என்று வந்தது. பம்ப் அதிகமாகத் தள்ளுகிறதோ என்று வால்வைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். யாரும் எதுவும் ஊற்றாமலே திரவ மட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறியிருந்தது.

கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். திறந்து வைத்தாலே காற்றிலுள்ள நீராவியைக் குடிக்கும். நாமோ அதற்குள்ளேயே நாள் முழுக்க அறைக் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறோம். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக நீராவி இருக்கும். என் பலகை தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது, சுமார் 70 லிட்டர் காற்று உள்ளே போகும். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை கிராம் தண்ணீர்தான், ஆனால் வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அரை கிலோவை நெருங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்ந்தாலே 20 டிகிரியில் கிளிசரினின் பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். பத்துப் பங்கு சேர்ந்தால் ஆறில் ஒன்று. என் 52 நொடி 21 ஆனதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை. விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பராமரிப்புக் குறிப்பில் 'மட்டம் குறைந்தால் நிரப்பவும்' என்றுதான் இருந்தது. மட்டம் ஏறினால் என்ன செய்வது என்று இல்லை. இந்தப் பலகையைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

முதலில் பம்ப் காற்றை இழுக்கும் வழியில் சிலிக்கா ஜெல் நிரப்பிய குப்பி வைத்தேன். ஆரஞ்சு நிற மணிகள், ஈரம் ஏறினால் பச்சையாகும். 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது உடம்புக்கு ஆகாது, வீட்டில் வேண்டாம். குப்பி வேலை செய்தது, ஆனால் மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை மணிகளைச் சூடாக்க வேண்டியிருந்தது. மூன்றாம் வருடம் பழைய திரவத்தை மாற்றிப் புதிது ஊற்றினேன். கூடவே பலகையின் மேல்வாயை இறுக்கமாக மூடி, அங்கிருந்து ஒரு டியூபைப் பம்பின் உறிஞ்சும் வாய்க்கே கொண்டுவந்தேன். மேலே உடைந்த குமிழியின் காற்றுதான் மறுபடி கீழே போகிறது. வெளிக்காற்றுக்கு அநேகமாக வேலையே இல்லை. குப்பி அதே வழியில் நடுவில் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவை மணிகளைக் கவனித்தால் போதும். உறிஞ்சும் வாயில் டியூப் மாட்ட இடமுள்ள பம்ப் வேண்டும், எல்லா மீன்தொட்டிப் பம்ப்பிலும் அது இருக்காது.

திரவத்தை மாற்றிய அந்தச் சமயத்தில் கற்ற இன்னொன்று, பொறுமை. அவசரமாக ஊற்றினால் பொடிக் குமிழிகள் உள்ளே அகப்பட்டு, பலகை முழுவதும் பனி மூடியது போல ஆகிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குமிழி கிளிசரினில் மணிக்கு 2 சென்டிமீட்டர்கூட ஏறாது. 80 சென்டிமீட்டரைக் கடக்க ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். கிளிசரினை வெதுவெதுப்பாக்கி, பலகையைச் சாய்த்து, சுவரை ஒட்டி மெல்ல வழியவிட்டால் தொல்லை வெகுவாகக் குறையும். தினமும் நீண்ட நேரம் ஓட்டினாலும் இதே மங்கல் மெல்லச் சேரும். அதனால்தான் ஆறு மணி நேரத்தோடு நிறுத்துகிறேன், இரவு முழுக்க ஓய்வு கொடுத்தால் காலையில் தெளிந்திருக்கும்.

பம்ப் விஷயத்தில் ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். 80 சென்டிமீட்டர் கிளிசரின் ஒரு மீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். ஆழமில்லாத தொட்டிக்கு என்று விற்கும் சின்னப் பம்ப் இதைத் தள்ளத் திணறும். தள்ளினாலும் அதிலுள்ள ரப்பர் சவ்வு சீக்கிரம் கிழியும். எனக்குக் கிழிந்தது பதினான்காம் மாதத்தில். அது இரவில் நடந்தது. காற்று நின்றதும் திரவம் டியூபுக்குள் திரும்பி இறங்கியது. திரும்பவிடாமல் தடுக்கும் ஒருவழி வால்வுக்குள் பிசுக்கு ஏறியிருந்ததால் அது முழுதாக மூடவில்லை. பம்ப் தரையில் இருந்தது. காலையில் அம்மா எழுந்து வந்தபோது தரையில் அரை லிட்டருக்கு மேல் கிளிசரின். கால் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றே பம்பைத் திரவ மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் ஏற்றிவிட்டேன். மேலே இருந்தால் வால்வு பழுதானாலும் திரவம் ஏறிப் போய்க் கொட்ட முடியாது. ஒருவழி வால்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுகிறேன். இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

கொட்டினாலும் கிளிசரின் வெந்நீரில் கரைந்து போய்விடும் என்பது ஒரு ஆறுதல். சிலிகான் எண்ணெய் நிரப்பிய பலகைகளும் வருகின்றன. அது ஈரம் குடிக்காது, வெப்பத்துக்கும் அவ்வளவாக இளகாது. அந்த வகையில் கிளிசரினைவிட மேல்தான். ஆனால் தரையில் சிந்தினால் தண்ணீரால் போகாது, பல நாள் வழுக்கும். சிலிகான் ரப்பர் டியூபை ஊதவும் வைக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு நான் கிளிசரினைத்தான் சொல்வேன். பெயரில்லாமல் 'குமிழித் திரவம்' என்று மட்டும் எழுதிய புட்டியை வாங்கவே வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் நிறமில்லாமல், இனிப்பாக, கிளிசரினைப் போலவே தெரியும். அது நஞ்சு.

தகட்டைத் துடைப்பதில் ஒரே எச்சரிக்கைதான். கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் தெளிப்பானும் ஸ்பிரிட்டும் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, அவ்வளவே.

சத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: குமிழிகள் ஓசையே எழுப்புவதில்லை. தண்ணீர்க் குழாயின் களகளப்பு இதில் அறவே கிடையாது. பம்பின் ரீங்காரம் மட்டும் உண்டு, அதன் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்ததும் அடங்கிவிட்டது. நெதர்லாந்தில் 1970களில் தொடங்கிய ஸ்னூசலன் என்ற புலனுணர்வு அறைகளில் குமிழிக் குழாய்கள் முக்கியமான சாதனம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் சாயங்காலம் விளக்குகளை அணைத்துவிட்டுப் பலகையை மட்டும் ஓடவிட்டால், அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். மூன்றாவது பத்தி அவருடையது. அதில் குமிழி கொஞ்சம் சிறிதாக வரும்படி வால்வை இறுக்கி வைத்திருக்கிறேன். 'அது அவசரப்படுத்தாதுப்பா' என்பார்.

புதுத் திரவம் ஊற்றிய அன்று பலகையின் ஓரத்தில் மட்டத்தைக் காட்ட ஒரு கோடு போட்டேன். இரண்டு வருடமாகிறது, மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. போன ஞாயிறு காலை அறை 21 டிகிரி. மூன்றாவது பத்தியில் ஒரு குமிழியை எண்ணினேன், 48 நொடி.