டவர் கிடைக்காத தோப்பில் மொபைல் ஸ்டார்ட்டர்: ஓராண்டு அனுபவம்

வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் தென்னந்தோப்பில், போர்வெல்லில் இறக்கியுள்ள 7.5 ஹெச்.பி. மோட்டாரை இயக்குவதற்காகக் கடந்த ஆண்டு 6,500 ரூபாய்க்கு ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் (சிம் போட்டு, கைப்பேசி வழியாகவே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் கருவி) வாங்கிப் பொருத்தினேன். வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு என்றாலும், கோடை நெருங்கிவிட்டதால் காத்திருக்க மனமில்லை. தோப்பில் டவர் ஒரு கோடு காட்டினாலே பெரிது. ஆகவே, நாம் அனுப்பும் கட்டளை போய்ச் சேராமலோ, காலம் தாழ்ந்தோ போனால் கருவி என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த ஓராண்டும் கவனித்துவந்தேன்.

மோட்டாரைக் காப்பாற்றும் விஷயத்தில் இது யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதை உணர்ந்து, நாம் குறித்துவைத்த விநாடிகளுக்குள் தானே நிறுத்திவிடுகிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் அப்படியே. நிறுத்திய பிறகே நமக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது என்பதால், அந்தச் செய்தி வந்து சேராவிட்டாலும் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரியாமல் தப்பிவிடும். ஓடும் நேரத்துக்கும் உச்சவரம்பு வைக்கலாம். நான் இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பழைய கருவி, ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரைப் போடும், மறுபடி கொடுத்தால் நிறுத்தும். முதல் அழைப்பு சேர்ந்ததோ இல்லையோ என்று இன்னொரு முறை அழைத்தால், ஓடத் தொடங்கிய மோட்டார் நின்றுபோகும். நான் வாங்கியதில் அந்தத் தொல்லை இல்லை; அழைத்து 1-ஐ அழுத்தினால் ஓடும், 2-ஐ அழுத்தினால் நிற்கும், ஐயம் தீர 1-ஐ நான்கு முறை அழுத்தினாலும் கெடுதல் இல்லை. மோட்டாருக்குள் கரண்ட் பாய்வதை அளந்த பின்னரே ‘மோட்டார் ஓடுகிறது’ என்று குரல் சொல்கிறது. ஒருநாள் ஃபியூஸ் போயிருந்தபோது ரிலே (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) இழுத்தும் ‘ஓடவில்லை’ என்றே சொன்னது. அன்றுதான் கொடுத்த பணம் வீண் இல்லை என்று தோன்றியது.

சறுக்கியது குறுஞ்செய்தியில். சித்திரை மாதத்தில் ஒரு மாலை, கரண்ட் இல்லை என்பது தெரியாமல் மோட்டாரைப் போடும்படி செய்தி அனுப்பினேன்; பதில் வராததால் விட்டுவிட்டேன். கருவியின் உள் பேட்டரி தீர்ந்து அது அணைந்திருந்ததால், செய்தியை நெட்வொர்க் தன்னிடமே வைத்திருந்து, நள்ளிரவில் கரண்ட் வந்து கருவி உயிர்பெற்றதும் ஒப்படைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கி, முந்தைய நாளே பாய்ச்சிய பாத்திகளில் மறுபடி இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ந்தது. ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் அது புறப்பட்ட நேரம் பதிவாகியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய கட்டளையைத் தள்ளிவிடும்படி செய்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

சிம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உள்ளே இருப்பது 2ஜி மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) என்பதால், 2ஜி சேவையே இல்லாத ஜியோவின் சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் காலம் முடிந்த பின்னும் சில நாள்களுக்கு நம் செய்திகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன, கருவியின் பதில் மட்டும் வெளியே வரவில்லை. பதில் வராததைக் கட்டளை சேராததாக எடுத்துக்கொண்டு நான் தோப்புக்குப் போய்ப் பார்த்தால், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் விட்டுவிடாமல், மோட்டார் ரூமின் கூரை விளிம்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

பழைய கட்டளை பற்றிப் பழுதுபார்க்க வந்தவரிடம் சொன்னேன். அடுத்த மாடலில் பார்க்கலாம் என்றார். அதுவரை மோட்டாரைப் போடுவதற்கு அழைப்பை மட்டுமே பயன்படுத்துகிறேன். குறுஞ்செய்தியை நிலவரம் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.